சபாநாயகர் வழியாக

1

இந்தக் கதை நான் ஒரு வானொலிப் பெட்டியை அடித்ததில் தொடங்கியது.

தீவுகளால் ஆன இந்த நாட்டின் தலைநகர் சுவாவில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. பகலில் நடந்த நாடாளுமன்றக் கூட்டத்தை ராத்திரியில் மறுபடி ஒலிபரப்புவார்கள். பாட்டு நிலையம் எதுவும் எங்கள் தகரக் கூரைக்குள் எடுக்காது. அதனால் மாவு பிசையும்போது எங்களுக்கு மந்திரிகள்தான் துணை. சாலை, குழாய், பள்ளிக்கூடக் கூரை என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. பேட்டரி போய்விட்டது என்று பெட்டியின் தலையில் ஒன்று போட்டேன். சத்தம் வரவில்லை. இன்னொன்று போட்டேன்.

கூட வேலை செய்யும் எசாலா மாவு மூட்டையிலிருந்து நிமிர்ந்தான்.

"யாரு மச்சான் இப்ப எதிரெதிர நிக்குறது?"

"எதிர்க்கட்சி வசிதி. அந்தப் பக்கம் தீவு மந்திரி சகியாசி."

"அப்ப பெட்டிய அடிக்காத. அது நல்லாத்தான் இருக்கு. அவங்க பேச மாட்டாங்க. அண்ணன் தங்கச்சி."

அந்தக் கணமே கதை எழுத வேண்டும் என்று பொறி தட்டியதாகச் சொன்னால் பொய். எரிச்சல்தான் வந்தது. மக்கள் வரிப்பணத்தில் ஊமை நாடகம். எழுத உட்கார்ந்தது ரொம்பப் பிறகு, எரிச்சல் போன பிறகு.

(ஒரு விஷயம் இப்போதே. தீவுச் சேவை அமைச்சகம் என்று ஒன்று இந்த நாட்டில் கிடையாது, நான் உண்டாக்கியது. யாசிலெவு தீவும் அப்படித்தான், வரைபடத்தில் தேடாதீர்கள். வசிதி, சகியாசி, சபாநாயகர் எல்லோரும் என் கைவேலை. எசாலாவும்தான், ஆனால் அவன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்.)

2

முதலில் எழுதிய தொடக்கங்கள்:

சுவா துறைமுகத்தின் மேல் மேகங்கள் கனத்துக் கிடந்த ஒரு—

வெட்டினேன். சுவாவில் மேகம் கனக்காத நாள் இருந்தால் அதை எழுதலாம்.

மக்களாட்சி என்பது அடிப்படையில் கேள்வி கேட்கும் உரிமை. அந்த உரிமை—

எசாலாவுக்கு வாய்விட்டு மொழிபெயர்த்துச் சொன்னேன். "இது யாரு, பாதிரியாரா பேசுறது?" என்றான். வெட்டினேன்.

வசிதியின் கண்களில் கடல்—

இதை வெட்ட யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

கடைசியில் நின்ற வரி இது: யாசிலெவுக்குக் கப்பல் வரவில்லை.

அதுதான் விஷயம். யாசிலெவு தூரத்துத் தீவு. சரக்கும் ஆளும் ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கப்பல் போக வேண்டும். தனியார் யாரும் அந்தத் தூரத்துக்குப் போக மாட்டார்கள், லாபம் இல்லை. ஆகவே டீசலுக்கு அரசாங்கம் பணம் ஒதுக்குகிறது. பணம் ஒதுக்கியாயிற்று. செலவும் ஆயிற்று. கப்பல் மட்டும் வரவில்லை. கப்பல் வராத தீவில் நர்ஸ் தங்க மாட்டாள். இருந்தவளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். வசிதி எழுத்தில் கேட்டபோதெல்லாம் அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தது: "யாசிலெவுக்கான வாராந்தரச் சேவை நடைபெற்று வருகிறது."

வசிதியின் தங்கை லோவாதா அந்தத் தீவில் இருக்கிறாள். நிறைமாதம் நெருங்குகிறது. முதல் இரண்டு பிரசவமும் கத்தி வைத்து எடுத்தது. மூன்றாவதற்கு அவள் சுவா ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும். கப்பல் வராவிட்டால் இருப்பது கணவனின் பைபர் படகு. கூரையில்லாத படகு, நடுவில் திறந்த கடல்.

ஆகவே இது கப்பல் கதை. நாடாளுமன்றம் அதற்கு நடுவில் வருகிறது.

3

மற்ற மொழிக்காரனுக்கு இந்த உறவுமுறையை விளக்கியிருந்தால் இங்கே பத்துப் பக்கம் ஆகியிருக்கும். தமிழில் எழுதுவதில் ஒரு வசதி. பெரியப்பா மகன் அண்ணன், அத்தை மகன் மச்சான். இங்கேயும் அதே முறைதான். மச்சானை எப்படி வேண்டுமானாலும் கிண்டல் பண்ணலாம், அவன் தட்டிலிருந்து கறியை எடுத்துத் தின்னலாம், கோபித்துக்கொள்ள அவனுக்கு உரிமை இல்லை. அதனால்தான் நண்பர்கள் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எசாலா என்னைக் கூப்பிடுகிற மாதிரி.

அண்ணன் தங்கை விஷயம் வேறு. வளர்ந்த பிறகு நேருக்கு நேர் பேசக் கூடாது. பகை இல்லை, மரியாதை. அண்ணன் உள்ளே வந்தால் தங்கை எழுந்து அடுத்த அறைக்குப் போவாள். சொல்ல வேண்டியது இருந்தால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். "அவர்கிட்ட சொல்லு, கெழங்கு வெந்துடுச்சுன்னு." அவர் பக்கத்து அறையில்தான் இருப்பார், காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் அந்த நடு ஆள் போய்ச் சொல்ல வேண்டும். சுவாவில் பாதிப் பேர் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். யாசிலெவுக்காரர்கள் விடவில்லை.

சகியாசி, வசிதியின் பெரியப்பா மகன். ஆளுங்கட்சியில் அமைச்சர். வசிதி எதிர்க்கட்சியில் தீவுச் சேவைகளைக் கவனிப்பவள். முன்பு சுங்க இலாகாவில் இருந்தவள். பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் தோரணை இன்னும் போகவில்லை.

(இருவரையும் ஒருமையில்தான் எழுதப்போகிறேன். ஓட்டுப் போட்டவன் நான்.)

பேசக் கூடாத இரண்டு பேர் ஒரே சபையில் எப்படிக் காலம் தள்ளினார்கள்? இங்கேதான் நாடாளுமன்ற விதி கைகொடுத்தது. சபையில் யாரும் யாரையும் பார்த்து நேராகப் பேசக் கூடாது. எல்லாம் சபாநாயகர் வழியாகத்தான். வெள்ளைக்காரன் எந்தக் காரணத்துக்காக வைத்த விதியோ, யாசிலெவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

4

ஒரு மாதிரிக்கு. இது எனக்கு மிகவும் பிடித்த கூட்டம். சபாநாயகர் ஷிவ் சரண், லம்பாசா பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்காரர் மகன், ஓய்வு பெற்ற வக்கீல். சபை நடப்பதை விட மதியச் சாப்பாடு தள்ளிப்போகாமல் இருப்பதில் அக்கறை அதிகம்.

வசிதி எழுந்தாள். பார்வை முழுக்க சபாநாயகர் மேல்.

"சபாநாயகர் அவர்களே, உங்க வழியா அமைச்சரக் கேக்குறேன். ஒரு கப்பல எத்தன தடவ தொடங்கி வைக்கலாம்?"

சகியாசி எழுந்தான். பார்வை சபாநாயகரின் மேஜை மேல்.

"சபாநாயகர் அவர்களே, உங்க வழியா சொல்றேன். கேள்வி புரியல."

"புரியும்படியே கேக்குறேன், சபாநாயகர் அவர்களே. இந்த ஒரே கப்பல ஒரு தீவுல தொடங்கி வச்சாங்க. பந்தல் போட்டு, பாய் விரிச்சு, பன்னி சுட்டாங்க. அப்புறம் இன்னொரு தீவுல அதையே மறுபடி தொடங்கி வச்சாங்க. அப்புறம் பெயிண்ட் அடிச்சிட்டு மூணாவது தடவ. யாசிலெவுக்கு டீசல் ஊத்த வேண்டிய பணம் எந்தப் பன்னியோட வயித்துல இருக்குன்னு அமைச்சருக்குத் தெரியுமா?"

ஆளுங்கட்சிப் பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். வசிதிக்கு அத்தை மகன் முறை.

"மூணாவது விழாவுல நீ ரெண்டு தட்டு தின்னியே வசிதி! கொழுப்பா பாத்துப் பாத்துப் போடச் சொன்னியே!"

சபை சிரித்தது. வசிதியும் சிரித்தாள். "தின்னேன் மச்சான். உன் தட்டுலேர்ந்துதான் எடுத்தேன்," என்றாள். சகியாசி மட்டும் சிரிக்கவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கையைக் கேலி செய்யும்போது அண்ணன் சிரிக்கக் கூடாது.

ஷிவ் சரண் சுத்தியலைத் தட்டினார். "என் வழியா கேள்வி போகட்டும், பதில் போகட்டும். பன்னி போக வேண்டாம்."

சகியாசியின் பதில்: விவரங்களைத் திரட்டி எழுத்தில் தருவோம். எழுத்தில் வந்தது: சேவை நடைபெற்று வருகிறது.

5

இங்கே சகியாசி பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவனுக்குத் தொந்தி வைத்தேன், தங்கக் கடிகாரம் கட்டிவிட்டேன். எசாலா கேட்டான், "எல்லா மந்திரிக்கும் தொந்தி வச்சா அப்புறம் ஆளுக்கொரு பேரு எதுக்கு?"

தொந்தியை எடுத்துவிட்டேன். கடிகாரத்தையும் கழற்றிவிட்டேன். பார்த்தால் அங்கே ஒரு சாதாரண ஆள் நிற்கிறான், இந்த ஊர் வேட்டியான சுலுவைச் சாம்பல் நிறத்தில் கட்டிக்கொண்டு. திருடன் இல்லை. விழா வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தபோது வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன். பந்தல் இல்லாமல் கப்பல் வந்தால் அவமானம் என்று ஒவ்வொரு தீவும் நினைத்தது. சொந்தத் தீவை முதலில் கவனித்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று யாசிலெவை வரிசையில் கடைசியில் வைத்தான். கடைசி வருவதற்குள் டீசல் பணம் தீர்ந்துவிட்டது. அப்புறம் அதிகாரிகள் எழுதித் தந்ததில் கையெழுத்துப் போட்டான்.

இது அவனை நல்லவனாக்கவில்லை. லோவாதாவுக்கு அவனும் அண்ணன்தான்.

6

அப்போதுதான் டேமியன் வந்தான்.

(டேமியனையும் நானே உண்டாக்கினேன். ஆனால் அதற்கு அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.)

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆலோசகன். நாடாளுமன்றத்தை உயிரோட்டமாக்குவது அவன் வேலை. கேள்வி நேரம் தூங்கி வழிகிறது, சபாநாயகர் வழியாகப் போய்த் திரும்பி வருவதற்குள் கேள்வி ஆறிவிடுகிறது என்று கண்டுபிடித்தான். "நேரடிக் கேள்வி" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தான். சபை நடுவில் எதிரெதிராக இரண்டு மேடை. ஒன்றில் உறுப்பினர், மற்றதில் அமைச்சர். கண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும், கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரம் முழுக்க சபாநாயகர் வாயைத் திறக்கக் கூடாது.

ஷிவ் சரண் சொல்லிப் பார்த்தார். "தம்பி, இங்க சில பேருக்கு இது சரிப்படாது."

"மொதல்ல எல்லாருக்கும் கூச்சமாத்தான் இருக்கும் சார். பழகிடும்."

"கூச்சம் இல்லப்பா இது."

"அதேதான் சார். எல்லா ஊர்லயும் இதையேதான் சொல்றாங்க."

குலுக்கல் போட்டார்கள். முதல் ஜோடி: வசிதி, சகியாசி.

வேறு யாருடனாவது இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். எதிர்க்கட்சித் தலைவர் கேட்கவும் செய்தார். வசிதி மறுத்தாள். அந்தக் கூட்டத்தொடரின் கடைசிக் கேள்வி நேரம் அது, சில நாளில் சபை கலைகிறது. மறுபடி கூடும்போது லோவாதாவின் பிள்ளை பிறந்திருக்கும், எங்கேயாவது, எப்படியாவது. கேட்பதற்கு இருந்தது அந்த ஓர் இடம்தான்.

சகியாசியும் விலகிக்கொண்டிருக்கலாம். அமைச்சர்களுக்குக் காய்ச்சல் வருவது கஷ்டமில்லை. அவன் வந்தான். ஏன் வந்தான் என்று எனக்குத் தெரியாது. பல காரணங்கள் எழுதிப் பார்த்தேன், எல்லாம் அவனை இருப்பதை விட உயரமாகக் காட்டியது. எடுத்துவிட்டேன்.

7

ஆக, மௌனம்.

நான் பெட்டியை அடித்த இடம் இதுதான். இதை எப்படி எழுதுவது? வானொலியில் ஒன்றுமே இல்லை. யாரோ ஒருவர் தும்மியது மட்டும் கேட்டது.

முதல் வரைவில் வசிதி முறையை உடைக்கிறாள். நேராகப் பார்த்து, "அண்ணா, டீசல் எங்க?" என்கிறாள். சபை அதிர்கிறது. எனக்குப் பிடித்திருந்தது. எசாலா என்னை வெளியூர்க்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"அவ அப்படிக் கேக்க மாட்டா."

"தைரியசாலி. ஏன் கேக்க மாட்டா?"

"தைரியத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நீ உங்க அப்பாவ வாடா போடான்னு கூப்பிடுவியா? பயந்துட்டா கூப்பிடாம இருக்க?"

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இரண்டாம் வரைவில் வசிதி மேடையில் இருந்த தண்ணீர்க் குவளையிடம் கேள்வி கேட்கிறாள். சிரிப்பு வந்தது, ஆனால் நிற்கவில்லை.

மூன்றாவதாக நான் எதுவும் உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. சகியாசியை அவன் போக்கில் விட்டேன்.

அவன் திரும்பி நின்றான்.

மேடையில் இருந்தபடியே, மெதுவாக, தங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றான். தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டான். வீட்டில் அண்ணன் இப்படித் திரும்பிக்கொண்டால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு: நான் இங்கே இல்லை என்று வைத்துக்கொள், நீ சொல்ல வேண்டியதைச் சொல்.

வசிதிக்கு அது போதும். அவளும் அவனை விளிக்கவில்லை. முதுகுக்கும் கூரைக்கும் நடுவில் எங்கோ பார்த்து, ஊர்ப் பேச்சில் கேட்டாள்.

"யாசிலெவுக்குப் போக வேண்டிய டீசல் என்ன ஆச்சுன்னு யாராவது சொன்னா நல்லாருக்கும். லோவாதாவுக்கு நாள் நெருங்கிடுச்சு. கப்பல் எப்ப வரும்னு அவ கேக்குறா. நடந்துட்டு வருதுன்னு எழுதி அனுப்புனத அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். கரையில போய் நின்னு பாத்துட்டு வந்து, காணோமேக்கான்னா."

பிறகு சுவரின் பக்கமிருந்து முணுமுணுப்பு. ஒலிவாங்கி இவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வானொலியில் கேட்டதெல்லாம் வாயில் கிழங்கை வைத்துக்கொண்டு யாரோ பேசுகிற மாதிரி ஒரு சத்தம்தான்.

ஆகவே அடுத்து வருவது நான் காதால் கேட்காதது. என் பொறுப்பில் எழுதுகிறேன்:

"பந்தல்ல போச்சு. பாய்ல போச்சு. பன்னியில போச்சு. தடுத்திருக்கணும், தடுக்கல. நடக்காதத நடக்குதுன்னு கையெழுத்தும் போட்டாச்சு. இந்த மாசத்துக்குள்ள கப்பல் போகும். எங்கேர்ந்தாவது பணம் எடுத்து அனுப்பியாகும்."

சபைக் குறிப்பில் அந்த இடத்தில் இருப்பது: (அமைச்சரின் பதில் தெளிவாகக் கேட்கவில்லை.)

கேட்டது வசிதிக்கு. சபாநாயகருக்கும் கேட்டிருக்கலாம். அவர் வாய் திறக்கக் கூடாது.

8

மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் முழுக்க ஒரு முதுகு.

"பெண் உறுப்பினருக்கு முதுகு காட்டிய அமைச்சர்." "கேள்விக்குப் பயந்து சுவரைப் பார்த்தார்." டேமியன் தொலைக்காட்சியில் வருத்தப்பட்டான், இவ்வளவு பகையை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்றான். பெண்கள் அமைப்பு ஒன்று ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டது. நாட்டில் பாதிப் பேருக்கு அந்த முதுகின் அர்த்தம் தெரியும். தெரிந்தவர்களில் பலர் தெரியாத மாதிரி இருந்தார்கள். அது வசதி.

கப்பலைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

எதிர்க்கட்சித் தலைவர் உரிமை மீறல் தீர்மானம் கொண்டுவந்தார். உறுப்பினரை அவமதித்த அமைச்சர் பதவி விலக வேண்டும். வசிதி அவர் அறைக்குப் போனாள்.

"அது அவமரியாத இல்லீங்க. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் வசிதி. என் தங்கச்சி வந்தா நானும் அப்படித்தான் திரும்பிப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? மூணு வருஷமா கேள்வி கேட்டுக் கேட்டுத் தொண்ட வறண்டதுதான் மிச்சம். ஒரு மந்திரியக் கூட அசைக்க முடியல. இப்ப ஒரு முதுகு வந்து மாட்டியிருக்கு. விட்டுடுங்கிறியா?"

"அவர் கப்பல் அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு."

"யாருக்குக் கேட்டுச்சு?"

"எனக்கு."

"நல்லா யோசிச்சுப் பாரு. நீ எந்திரிச்சு, அவர் என் அண்ணன், மரியாதைக்குத்தான் திரும்புனாருன்னு சொல்ற. சாயங்காலமே என்ன பேசுவாங்க? அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தங்கச்சி, நடுவுல ரகசியமாப் பேசி அவங்க ஊருக்கு மட்டும் கப்பல் வாங்கிக்கிட்டாங்கன்னு பேசுவாங்க. இத்தன நாள் நீ கேட்ட கேள்வி பூரா நாடகமாயிடும். அடுத்த தேர்தலுக்கு உன் பேர நான் எப்படிக் கொடுக்குறது?"

"அவர் போயிட்டா?"

"புது மந்திரி வருவாரு. அவர்கிட்ட கேளு. அவர் உனக்கு மச்சான் முறையா இருந்தா இன்னும் நல்லது."

(தலைவரை இன்னும் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.)

9

லோவாதா தொலைபேசியில். அலைவரிசை கிடைக்க மேட்டில் ஏறி நின்றுகொண்டு மூச்சு வாங்கப் பேசுகிறாள்.

"அக்கா, அண்ணன் திரும்பி நின்னாராமே? இங்க எல்லாரும் பேசிக்குறாங்க. ஒழுங்கா வளத்திருக்காங்கன்னு பெரியம்மாவுக்கு ஒரே பெருமை."

"இங்க அவரத் திட்டுறாங்கடி."

"எதுக்கு?"

"திரும்பி நின்னதுக்கு."

"பைத்தியமா அவங்களுக்கு? திட்டுறதுன்னா கப்பலுக்குத் திட்டச் சொல்லு. சரி, கப்பல் எப்ப?"

"இந்த மாசத்துக்குள்ளன்னு சொன்னாரு."

"உன்கிட்டயா?"

"சுவத்துகிட்ட."

"சுவரு கப்பல் ஓட்டுமாக்கா?"

லோவாதா விடவில்லை.

"இவரு படகுலயே கூட்டிட்டுப் போறேங்கிறாரு. இஞ்சின அக்குவேற ஆணிவேறயாக் கழட்டி வச்சிருக்காரு. கழட்டுனத மாட்டத் தெரியல. நான் சொன்னேன், எதுக்கும் எங்க அக்கா ஒரு வார்த்த சொல்லட்டும்னு. காத்து வேற திரும்புது. கப்பல் உண்டா இல்லையான்னு மட்டும் சொல்லு. இல்லன்னா இஞ்சின யாரையாவது வச்சு மாட்டிட்டு உடனே கெளம்புறோம். அப்புறம்னா அலை விடாது."

10

எழுதிப் பார்த்த முடிவுகள்.

ஒன்று. வசிதி உண்மையைச் சொல்கிறாள். சபை எழுந்து கைதட்டுகிறது. மாதக் கடைசியில் கப்பல் யாசிலெவு போகிறது. ஆஸ்பத்திரியில் பையன் பிறக்கிறான், மாமன் பெயரையே வைக்கிறார்கள். எசாலா கேட்டுவிட்டு, "இது சோப்பு விளம்பரத்துக்கு நல்லாருக்கும்," என்றான்.

இரண்டு. வசிதி தலைவர் சொன்னபடி கேட்கிறாள். சகியாசி போகிறான். புது அமைச்சர் வருகிறார், யாசிலெவுக்குக் கப்பல் விடப்படும் என்று அறிவிக்கிறார். அதற்கு முன் ஒரு தொடக்க விழா வைக்கிறார். எசாலா சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "லோவாதா?" என்றான். எழுதவில்லை என்றேன்.

மூன்று. படகு. விடிந்ததும் புறப்படுகிறார்கள். பவளப்பாறை வாசலைத் தாண்டும்போது காற்று—

இதை நிறுத்தியதற்குக் காரணம் இரக்கம் இல்லை. வரிகள் நன்றாக வந்தன. மற்ற இரண்டு முடிவுகளை விட மிக நன்றாக வந்தன. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

முதல் முடிவையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பதிப்பாசிரியர் சொல்லக்கூடும். என்னால் முடியாது. நான் எழுதினால் கப்பல் வந்துவிடும். ஒரு வரி போதும். அமைச்சகமும் அப்படித்தான் எழுதியது.

எசாலாவுக்குக் கோபம். "முடிக்காம விட்டா எப்படி? இத்தன நாள் என் காதத் தின்னுட்டு."

"நீயே சொல்லு, அவ என்ன சொல்லணும்?"

யோசித்தான். மாவுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்கும் தங்கச்சி இருக்கா," என்றான். அடுத்த மாவு மூட்டையைப் பிரித்தான்.

11

ஆக, எனக்குத் தெரிந்த கடைசி இடம் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன்.

உரிமை மீறல் தீர்மானம். சபை நிறைந்திருக்கிறது. இரண்டு மேடைகளையும் தூக்கி ஓரமாகச் சுவரில் சாய்த்திருக்கிறார்கள். பழைய முறைப்படி எல்லாம் மறுபடி சபாநாயகர் வழியாக. ஷிவ் சரண் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைக்கிறார்.

"விதி தெளிவா இருக்கு. அவமதிக்கப்பட்டதாச் சொல்லப்படுற உறுப்பினர் எந்திரிச்சு, ஆமா, எனக்கு அவமானம் நடந்ததுன்னு சொன்னாத்தான் தீர்மானம் நிக்கும். மத்தவங்க அவங்களுக்காகக் கோவப்பட முடியாது. மாண்புமிகு வசிதி, விளக்கம் வேண்டாம், வரலாறு வேண்டாம். அவமானம் நடந்ததா? ஆமாவா, இல்லையா?"

வசிதி எழுந்திருக்கிறாள். பக்கத்து இருக்கையிலிருந்து தலைவர், உதடு அசையாமல், "ஆமான்னு சொல்லு, போதும்," என்கிறார். பின்வரிசை அத்தை மகன் முதல் தடவையாகச் சும்மா இருக்கிறான். எதிரே சகியாசி செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அவள் எந்தப் பதில் சொன்னாலும் அவன் நிமிர்ந்து பார்க்கப்போவதில்லை.

யாசிலெவு மேட்டில் லோவாதா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கீழே கரையில் இஞ்சினை மாட்டிவிட்டார்கள்.

'ஆமா' என்றால் அண்ணன் போவான். 'இல்லை' என்றால் அடுத்த தேர்தலோடு வசிதி போவாள். கப்பல் போகும் என்பது இரண்டிலும் உறுதியில்லை. ஒன்றில் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். எதில் அதிகம் என்று நான் நினைப்பதைச் சொல்ல மாட்டேன்.

"சபாநாயகர் அவர்களே," என்கிறாள் வசிதி.

அதற்கு மேல் ஒரு சொல்தான். அதை நீங்கள் சொல்லுங்கள். யோசித்துச் சொல்லலாம், உங்களுக்கு அவசரமில்லை. லோவாதாவுக்கு உண்டு.